குளிர் மலையில் மோட்டார் சைக்கிள்: எந்த ஒயில் ஊற்றுவது?



தை மாசி மாதத்து விடியற்காலையில், தலைக்குத் தேய்க்கலாமென்று தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டும் விழாது. உள்ளே வெள்ளையாய் உறைந்து கிடக்கும். நம் வீட்டுப் பெண்கள் அதை அடுப்புத் திட்டில் கொஞ்ச நேரம் வைத்து, இளகிய பிறகுதான் பிள்ளைகளுக்குத் தலை வாருவார்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பமே சுமார் 16 பாகைதான். சில விடியல்களில் 5 பாகைக்கும் கீழே இறங்கி, புல்லின் மேலும் கொழுந்தின் மேலும் உறைபனி படிவதை நாம் கண்ணால் பார்க்கிறோம்.

அதே விடியற்காலையில், லயத்து வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்குள்ளும் ஒயில் இருக்கிறது. அது தேங்காயெண்ணெய்போல உறைந்துவிடாது. ஆனால் பாகுபோலத் தடித்துப் போகிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறோம்.

"வண்டி வச்சிருக்கிறவங்களுக்குத்தானே இது, நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முன்பெல்லாம் தோட்டத்தில் துரைக்கும் கிளாக்கருக்கும்தான் மோட்டார் சைக்கிள். இப்போது லயத்துக்கு லயம் வண்டி நிற்கிறது. மரக்கறி ஏற்றுகிறது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறது. ராத்திரியில் ஆருக்காவது வருத்தமென்றால், அதுவே நமக்கு அம்புலன்ஸ். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டியின் விலையே எங்கோ ஏறிப் போனது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும், புது வண்டி வாங்குவது நம்மில் பலருக்கு இன்னும் எட்டாத காரியம். ஆகவே இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவது குடும்பத்தைக் காப்பாற்றுவது மாதிரி.

ஒரு தம்பியின் அனுபவம்

நமக்குத் தெரிந்த ஒரு தம்பி, உயர்ந்த மலைத் தோட்டமொன்றில் இருப்பவர். தவணை கட்டி 100 சீசீ வண்டியொன்று வாங்கினார். ஒருநாள் வேன் ஓட்டும் நண்பர் ஒருவர், "தம்பி, கார் ஒயில் அரைவாசி மிச்சமிருக்கு. மெல்லிசு ஒயில், குளிருக்கு நல்லா ஓடும், ஊத்திக்க" என்று கொடுத்திருக்கிறார். சும்மா கிடைத்தது, அதுவும் விலை கூடிய நல்ல ஒயில். தம்பியும் சந்தோஷமாக ஊற்றிக்கொண்டார்.

முதல் சில நாள் வண்டி பஞ்சு மாதிரி ஓடியது. பிறகொரு ராத்திரி, பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் புறப்பட்டார். ஏற்றத்தில் எக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கடைசியில் வண்டியை ஓரத்தில் சாய்த்துவிட்டு, போர்வை போர்த்திய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் நடந்தார்கள். நல்ல காலம், பின்னால் வந்த லொறி ஒன்று ஏற்றிக்கொண்டது. பிள்ளை சுகமாகிவிட்டது.

மறுநாள் கராஜில் பாஸ் வண்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "என்ன ஒயில் தம்பி ஊத்தினீங்க?"

"கார் ஒயில் அண்ணே. நல்ல ஒயில்தானே?"

"காருக்கு நல்ல ஒயில். ஒங்க வண்டிக்கு இல்ல."

இதில் தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் நாம் இங்கே சொல்கிறோம்.

ஒயில் செய்யும் வேலை என்ன?

காரில் எஞ்சினுக்கு ஒரு ஒயில், கியர் பெட்டிக்கு வேறொரு ஒயில். கையால் கியர் போடும் நம் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. எஞ்சின், கியர், கிளச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் ஓடுகின்றன. கிளச் தட்டுகள் ஒயிலுக்குள்ளேயே நனைந்தபடி இருக்கும். அந்தத் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்தால்தான் எஞ்சினின் பலம் சில்லுக்குப் போகும்.

இக்காலத்துக் கார் ஒயில்கள் பலவற்றில், பெற்றோல் செலவைக் குறைப்பதற்காக வழுக்குத்தன்மை கூட்டும் மருந்து சேர்க்கிறார்கள். காருக்கு அது நன்மை. நம் வண்டியிலோ அது கிளச் தட்டையும் வழுக்க வைக்கும். தம்பியின் வண்டி ஏற்றத்தில் கத்தியதும் நகராமல் நின்றதும் இதனால்தான். வழுக்கி வழுக்கித் தட்டு தேய்ந்தும் கருகியும் போய்விடும்.

கேனில் உள்ள எழுத்தைப் படிப்பது எப்படி?

ஒயில் கேனில் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும். எல்லாம் ஆங்கில எழுத்துதான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் ஐந்து நிமிஷத்தில் பழகிவிடும்.

முதலாவது, தடிப்பு எண். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று போட்டிருக்கும். டபிள்யூ என்றால் எடை என்று சிலர் நினைக்கிறார்கள். அது 'வின்ரர்' என்ற சொல்லின் முதல் எழுத்து, அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், ஒயில் குளிரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறையக் குளிரிலும் சுலபமாக ஓடும். பின்னால் உள்ள எண், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. அது 100 பாகை சூட்டில் அளந்து போடும் எண். எண் கூடக் கூடத் தடிப்பும் கூடும்.

இரண்டாவது, ஜாசோ முத்திரை. ஜப்பான்காரர்கள் 1998இல் நாலு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே கொண்டுவந்த தரம் இது. அதில் எம்ஏ என்றோ, எம்ஏ1, எம்ஏ2 என்றோ இருந்தால் நனைந்த கிளச்சுக்கு ஏற்றது. எம்பி என்றிருந்தால் வழுக்குத்தன்மை கூடியது. கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. கியர் வண்டிக்கு எம்பி வேண்டாம். கார் ஒயில் கேனில் பொதுவாக இந்த முத்திரையே இருக்காது.

மூன்றாவது, ஏபிஐ தரம். எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என் என்று இரண்டிரண்டு எழுத்தாக வரும். இரண்டாவது எழுத்து அகரவரிசையில் பின்னால் போகப் போகப் புதிய தரம். வண்டியின் கைநூலில் சொன்ன தரமோ அதற்குப் பிந்தியதோ இருந்தால் போதும். ஆனால் தரம் எவ்வளவு புதிதாக இருந்தாலும், எம்ஏ முத்திரை இல்லாவிட்டால் கியர் வண்டிக்கு ஊற்றாதீர்கள்.

சரி, நம் குளிருக்கு எது?

இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நம் மலைக் குளிர் நமக்குத்தான் பெரிய குளிர். ஒயில் செய்கிறவர்கள் கணக்குப் போடுவது பனிக்கட்டி மலைபோல் குவியும் தேசங்களுக்கு. 20டபிள்யூ வகை ஒயிலைச் சூனியத்துக்குக் கீழே 15 பாகையிலும், 10டபிள்யூ வகையைச் சூனியத்துக்குக் கீழே 25 பாகையிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். ராகலையிலோ கந்தப்பளையிலோ அக்கரப்பத்தனையிலோ அப்படிப்பட்ட குளிர் கிடையாது. ஆகவே, "குளிர் நாட்டு ஒயில்" என்று சொல்லி ஒருவர் 0டபிள்யூ, 5டபிள்யூ ஒயிலைக் கூடுதல் விலைக்கு விற்க வந்தால், உங்கள் கைநூல் கேட்டாலன்றி வாங்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் தடிப்பு எண்ணைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்கத்தான் வேண்டும். 10 பாகைக் குளிரில் 20டபிள்யூ-50 ஒயில், 10டபிள்யூ-30 ஒயிலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தடிப்பாக இருக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஒயில் எல்லாம் அடியில் இறங்கிக் கிடக்கும். ஸ்டார்ட் செய்தவுடன் பம்பு அதை மேலே தள்ள வேண்டும். தடித்த ஒயில் மேலே போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். அந்தச் சில நொடிகளில் இரும்பும் இரும்பும் உராயும். எஞ்சின் தேய்மானத்தில் கணிசமான பங்கு இப்படிக் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் உண்டாகிறது.

ஆகவே விதி இதுதான்:

வண்டியின் கைநூலில் ஒரே ஒயில்தான் சொல்லியிருந்தால், அதையே ஊற்றுங்கள். 20டபிள்யூ-50 என்று சொல்லும் வண்டிகளும் உண்டு, 10டபிள்யூ-30 என்று சொல்லும் வண்டிகளும் உண்டு. எஞ்சினைச் செய்தவன் அதன் இடைவெளிகளை அளந்துதான் சொல்லியிருக்கிறான்.

கைநூலில் இரண்டு மூன்று வகை சொல்லியிருந்தால், முன் எண் குறைந்ததை எடுங்கள். பின் எண்ணை மாற்றாதீர்கள். உதாரணமாக 20டபிள்யூ-40, 10டபிள்யூ-40 இரண்டும் அனுமதித்திருந்தால், மலையில் இருப்பவருக்கு 10டபிள்யூ-40 நல்லது.

பின் எண்ணை ஏன் மாற்றக்கூடாது? காற்று குளிராக இருந்தாலும், இரண்டு மூட்டை கரட்டை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறும் எஞ்சின் கொதிக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் ஒயில் தண்ணியாகிவிட்டால் பிஸ்டனுக்குக் காவல் இல்லை. விடியற்காலைக் குளிரையும் மத்தியானச் சுமையையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும்.

கைநூல் தொலைந்துபோன பழைய வண்டியென்றால், அதே வண்டி வைத்திருக்கும் ஒருவரின் கைநூலைப் பாருங்கள், அல்லது அந்தக் கம்பனியின் சேர்விஸ் நிலையத்தில் கேளுங்கள். கடைக்காரர் கையில் இருப்பதைத் தருவார். அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அவற்றின் டூடீ ஒயில் பெற்றோலோடு சேர்ந்து எரிவது. அதை நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஊற்றினால் எஞ்சின் பாழாகும்.

குளிரைவிடப் பெரிய எதிரி

நம் மலைகளில் ஒயிலைக் கெடுப்பது குளிரைவிடத் தண்ணீர்தான். மழைத் தண்ணீரைச் சொல்லவில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால், ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்ஸர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி ஒயில் இருக்கும் இடத்துக்கு வரும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அதுவும் ஆவியாகி வெளியேறிவிடும். லயத்திலிருந்து ஸ்டோர் வரைக்கும், ஸ்டோரிலிருந்து கடை வரைக்கும் என்று ஒரு மைல் இரண்டு மைல் மட்டும் ஓடும் வண்டியில், எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்திவிடுகிறோம். ஆவி குளிர்ந்து தண்ணீராகி ஒயிலோடு கலக்கிறது.

ஒயில் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பால் ஆடைபோல வெள்ளைக் களிம்பு ஒட்டியிருந்தால் இதுதான் சங்கதி. வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் ஈரம் போய்விடும். அப்படியும் களிம்பு நிற்காவிட்டால் ஒயிலை மாற்றுங்கள். மாற்றியும் வந்தால் பாஸிடம் காட்டுங்கள்.

ஒயில் கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். நல்ல ஒயில் அழுக்கைக் கழுவி எடுப்பதால் கறுக்கிறது. வெள்ளையாவதுதான் ஆபத்து.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? கைநூல் சொல்லும் கிலோமீற்றர் கணக்கு நல்ல ரோட்டுக்குப் போட்டது. ஏற்றமும் சுமையும் குட்டிக் குட்டி ஓட்டமுமாக இருக்கும் நம் வண்டிகளுக்கு அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 2,000 முதல் 2,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றுவது பாதுகாப்பு. கைநூல் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். சிறிய வண்டிகள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு லீற்றர் அளவே பிடிக்கும். ஒரு கேன் ஒயிலின் விலையையும், எஞ்சின் பிடித்துக்கொண்டால் வரும் கராஜ் பில்லையும் ஒரு கடதாசியில் எழுதிப் பாருங்கள். பிறகு யாரும் சொல்லத் தேவையில்லை.

விடியற்காலையில் செய்ய வேண்டியது

வண்டியை முதலில் வெளியே தள்ளுங்கள். பனிக்கும் களவுக்கும் பயந்து பலர் வண்டியை இஸ்தோப்பிலோ காம்பிராவுக்குள்ளேயோ வைக்கிறார்கள். வைப்பது சரி, அங்கேயே ஸ்டார்ட் செய்வது மிகப் பெரிய ஆபத்து. புகையில் உள்ள காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவு யன்னல் அடைத்த காம்பிராவில் தூங்கும் பிள்ளைகள் எழும்பாமலே போய்விடக்கூடும்.

கிளச்சைப் பிடித்து, கியரில் போட்டு, வண்டியை இரண்டு தடவை முன்னும் பின்னும் அசையுங்கள். தடித்த ஒயிலில் ஒட்டிக்கொண்ட கிளச் தட்டுகள் விடுபடும். பிறகு நியூட்ரலுக்கு வந்து, சோக் உள்ள வண்டியானால் அதை இழுத்து, கிக்கரால் ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் பற்றரியும் பலம் குறைந்திருக்கும். செல்பையே போட்டு அழுத்த வேண்டாம்.

ஸ்டார்ட் ஆனதும் முறுக்கிக் கத்த வைக்காதீர்கள். ஒரு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, முதல் இரண்டு மூன்று கிலோமீற்றர் நிதானமாகப் போங்கள். சோக்கைத் திரும்பத் தள்ள மறக்க வேண்டாம்.

பெற்றோல் மிச்சமென்று எஞ்சினை நிறுத்தி இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போய், கீழே கியரைப் போட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒயில் மேலே வருமுன்பே குளிர்ந்த எஞ்சின் வேகமாகச் சுழலும். பிரேக் ஒன்றை மட்டும் நம்பி வளைவில் இறங்குவதும் உயிருக்கு உலை. இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவோம்.

ஒயிலை இளக்க மண்ணெண்ணெய் கலப்பதும், எஞ்சினுக்கு அடியில் தணல் வைப்பதும் கூடவே கூடாது. முன்னது எஞ்சினைத் தின்னும். பின்னது லயத்தையே கொளுத்தும்.

ஒயில் அளவைக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிஷம் கழித்து அளவுக் கம்பியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தாலும் கேடு, நிரம்பி வழிந்தாலும் கேடு.

போலி ஒயிலும் பழைய ஒயிலும்

பழைய ஒயிலை வடித்துப் புதுக் கேனில் அடைத்து விற்கும் மோசடி எங்கும் உண்டு. மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, கேனில் தொகுதி எண்ணும் திகதியும் அழியாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பீப்பாவிலிருந்து அளந்து ஊற்றும் ஒயிலும், வழக்கத்துக்கு மாறாக மலிவாக வரும் ஒயிலும் வேண்டாம். பில் கேட்டு வாங்குங்கள். ஊற்றி முடிந்த வெறும் கேனைக் கத்தியால் ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள். உங்கள் கேனை வைத்து இன்னொரு தொழிலாளியை ஒருவன் ஏமாற்றாதிருக்க அது உதவும்.

வடித்த பழைய ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். நம் லயத்துக் கான் ஓடைக்குப் போகிறது. நானு ஓயாவும் ஆக்ரா ஓயாவும் கொத்மலைக்குப் போகின்றன. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் களனி கங்கையாகின்றன. மலையில் இருக்கும் நாம் அழுக்காக்கினால் கீழே உள்ளவர்கள் குடிக்கிறார்கள். பழைய ஒயிலை ஒரு கேனில் சேர்த்து, அதை எடுத்துக்கொள்ளும் கராஜில் கொடுங்கள். கையில் பட்டால் சவுக்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். பழைய ஒயில் திரும்பத் திரும்பத் தோலில் படுவது புற்றுநோய்க்கும் காரணமாகலாம். பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி வைக்கவே வேண்டாம்.

ஞாபகத்துக்கு

கைநூல் சொன்ன தடிப்பு எண். எம்ஏ முத்திரை. முத்திரை உடையாத கேன். கிழமைக்கொரு அளவுப் பார்வை. வாரத்தில் ஒரு நீண்ட ஓட்டம். வெளியே தள்ளி ஸ்டார்ட். இந்த ஆறையும் வெட்டியெடுத்து, வண்டி நிற்கும் இடத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

அந்தத் தம்பி இப்போது ஒயில் வாங்கப் போனால் தன் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறாராம். அன்று ராத்திரி தோளில் காய்ச்சலோடு கிடந்த அதே பிள்ளைதான். இப்போது ஐந்தாம் வகுப்புப் படிக்கிறது. கேனைக் கையில் வாங்கி, "எம், ஏ... இருக்கு அப்பா" என்று அது வாசித்துச் சொன்ன பிறகுதான் தம்பி காசை எடுக்கிறார்.